இரண்டாயிரம் அடி

இரண்டாயிரம் அடி என்றதும் நிலம் அளக்கிற கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இது ஃபிலிம் கணக்கு. கொட்டகையில் ஓடும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி போகும். இரண்டாயிரம் அடி என்றால் 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. விளக்கை அணைத்தபின், நாம் காசு கொடுத்துப் பார்க்க வந்த படம் தொடங்குவதற்கு முன்னால், கேட்காமலே ஒரு கறுப்பு வெள்ளைச் செய்திப்படமும் அதன் வாலாக ஒரு விவரணப் படமும் ஓடுமே, அதற்கு சர்க்கார் வைத்த அளவு இது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அணையைத் திறந்து வைக்கும் மந்திரி, வெள்ளத்தில் மிதக்கும் கூரைகள், அவற்றுக்கு மேல் ஒரே சுருதியில் போகும் அந்த ஆண் குரல், எல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

நேரு சர்க்கார் கொண்டுவந்த ஏற்பாடு இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1943-ல் வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு. தன் நாட்டுப் படத்தை நம்மைப் பார்க்க வைக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் வழி தேடி, ஒன்றும் பலிக்காமல், யுத்தத்தைச் சாக்காக வைத்துக் கையில் எடுத்த தடி அது. சுதந்திரம் வந்த பிறகு நம்மவர்களும் அந்தத் தடியைக் கீழே போடவில்லை. அதை எதிர்த்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கொட்டகைக்காரர் டெல்லி வரைக்கும் போனார். வெள்ளைக்காரனின் கதையையும் கொட்டகைக்காரரின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் முழுசாக விளங்கும்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமாத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததில் ஆங்கிலேயர்களுக்குப் பங்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், வேலூர்க்காரர், சென்னையில் மோட்டார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். அவர் காமிராவைப் பிடிக்கப் பழகியது பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம். அந்தப் படம் 1917-18 வாக்கில் வந்தது. சென்னையில் கெயிட்டி கொட்டகையைக் கட்டிய ரகுபதி வெங்கையா தன் மகன் பிரகாஷை லண்டனுக்கே அனுப்பி, அங்கே பார்க்கர் கம்பெனியில் தொழில் பழக வைத்தார். மகன் திரும்பி வந்து 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை' எடுத்தார். ஆக, கைத்தொழில் அங்கிருந்து வந்தது. படம் வரவில்லை.

படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1914-க்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்களின் பாதே கம்பெனிப் படங்கள் நிறைய ஓடின. முதல் யுத்தத்தில் ஐரோப்பா படமெடுப்பதை விட்டுவிட்டுக் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, ஹாலிவுட்காரன் உலகம் பூராவும் கடை விரித்துவிட்டான். அவனுக்குப் போட்ட முதல் சொந்த நாட்டிலேயே திரும்பி வந்துவிடும். அதற்கு மேல் வெளிநாட்டில் வருவதெல்லாம் லாபம். அதனால் இந்தியாவுக்குப் பழைய பிரதிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ள முடிந்தது. இங்கிலாந்துக்காரனால் இந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை.

விலை மட்டும் காரணம் இல்லை. ஊமைப்படக் காலத்தில் நம் ஜனங்களுக்குப் பிடித்தது எட்டி போலோவின் தொடர்ப்படம். ஓடுகிற ரயிலில் தாவுவான், கூரையிலிருந்து குதிப்பான், வாரா வாரம் உயிருக்கு ஆபத்து வரும், வாரா வாரம் தப்பிப்பான். எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பிரிட்டிஷ் படங்களோ பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவை. வரவேற்பறையில் நாலு பேர் நின்று பேசுவார்கள், பேச்சு அட்டையில் எழுதி வரும். தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு இதில் என்ன சுவாரசியம்? நகைச்சுவையிலாவது தேறியிருக்கலாம் என்றால், அவர்கள் ஊரில் பிறந்த மாபெரும் கோமாளி சார்லி சாப்ளின், பிழைப்புக்காக லண்டனை விட்டு அமெரிக்கா போய்விட்டார். உலகத்தையே சிரிக்க வைத்த லண்டன்காரர், ஆனால் கணக்கில் அமெரிக்கப் படம்.

இந்த வெட்கக்கேடு இந்தியாவில் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1920-களின் நடுவில் இங்கிலாந்தின் சொந்தத் திரைகளிலேயே ஓடிய படங்களில் பிரிட்டிஷ் படம் நூற்றுக்கு ஐந்து அளவுக்குத்தான் இருந்தது. அதற்காக அவர்கள் 1927-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கொட்டகையும் இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படம் காட்டியே தீர வேண்டும் என்று. ஆரம்பத்தில் கொட்டகைக்காரனுக்கு 5 சதவீதம், படிப்படியாக 20 வரை ஏறும். விளைவு என்ன? கணக்குக் காட்டுவதற்காகவே அவசர அவசரமாக அள்ளித் தெளித்த கோலமாகப் படங்கள் வந்தன. ஒரு அடிக்கு ஒரு பவுன் என்று பேசி எடுத்த படங்கள் உண்டு. இதில் அடக்க முடியாமல் சிரிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சாம்ராஜ்யத்துக்குள் எங்கே எடுத்தாலும், எடுத்தவர் பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால், அந்தச் சட்டப்படி அது பிரிட்டிஷ் படம். அப்படியானால் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த பாரதக் கதையும் பிரிட்டிஷ் படம்தான். சட்டம் எழுதியவர்கள் இதையும் பெருமையாக நினைத்திருப்பார்களோ என்னவோ.

அடுத்த அடி இந்தியா மீது வைக்கப் பார்த்தார்கள். சாம்ராஜ்யப் படங்களுக்கு இந்தியாவிலும் முன்னுரிமை வேண்டும் என்ற பேச்சு 1926-ல் லண்டனில் நடந்த சாம்ராஜ்ய மகாநாட்டிலிருந்தே கிளம்பிவிட்டது. வியாபாரத்தோடு வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் குடிப்பதையும் கட்டித் தழுவுவதையும் பார்த்தால் சுதேசிகளுக்கு வெள்ளைத்தோல் மீதிருக்கும் மரியாதை போய்விடுமாம். 1927 அக்டோபரில் இந்திய சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. அதற்குத் தலைவர் நம் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். மத்திய சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தவர். இவரைத் தவிர கமிட்டியில் இரண்டு இந்தியர்கள், மூன்று ஆங்கிலேயர்கள்.

இந்தக் கமிட்டியின் வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. லாகூரிலிருந்து ரங்கூன் வரை ஊர் ஊராகப் போய் 353 சாட்சிகளை விசாரித்தார்கள். கொட்டகைக்காரர், பட விநியோகஸ்தர், பாதிரியார், போலீஸ் அதிகாரி, கல்லூரி ஆசிரியர் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் வரிக்கு வரி அச்சடித்தார்கள். கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் எழுத்து வேலை பார்த்த எனக்கு, இவ்வளவு சாட்சியங்களைப் பதிவு செய்து தொகுப்பது எத்தகைய பாடு என்று தெரியும். காந்திக்கும் கேள்வித்தாள் போயிற்று. நான் சினிமாவுக்குப் போனதே இல்லை, பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனால் அது செய்திருக்கிற கெடுதல் வெளிப்படை என்கிற தோரணையில் இரண்டொரு வரி எழுதி முடித்துவிட்டார்.

நாட்டில் ஓடிய படங்களில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் வெளிநாட்டுப் படம், அதிலும் பெரும்பகுதி அமெரிக்கா என்பது விசாரணையில் வெளிவந்தது. டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த 'பாக்தாத் திருடன்' போல எந்த வெளிநாட்டுப் படமும் இங்கே ஓடவில்லை என்றும் தெரிந்தது. 1928-ல் அறிக்கை வந்தபோது, கமிட்டியை அமைத்தவர்களுக்கு அதில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அமெரிக்கப் படம் அளவுக்கு மீறி ஓடுவது தேசத்துக்கு ஆபத்து என்றால் வேறெந்த மேல்நாட்டுப் படம் அளவுக்கு மீறி ஓடினாலும் அதே ஆபத்துதானே என்று கமிட்டி கேட்டுவிட்டது. பிரிட்டிஷ் படத்துக்குத் தனிச் சலுகை வேண்டியதில்லை. வளர்க்க வேண்டுமென்றால் இந்தியப் படத்தை வளர்ப்போம், கடன் கொடுப்போம், கொட்டகை கட்டுவோம் என்றார்கள்.

ரங்காச்சாரியாரைக் கட்டாயத்துக்கே விரோதி என்று ஆக்கிவிடவும் கூடாது. கொட்டகைகள் குறிப்பிட்ட அளவுக்கு இந்தியப் படம் காட்டியாக வேண்டும் என்று பெரும்பான்மை அறிக்கை யோசனை சொன்னது. மூன்று ஆங்கிலேயர்களும் அதற்கு மாறாகத் தனிக் குறிப்பு எழுதி வைத்தார்கள். லண்டனில் இனித்த கட்டாயம் இங்கே மட்டும் கசந்துவிட்டது! எதுவானாலும், சர்க்கார் அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. முதல் முயற்சி இப்படி முடிந்தது.

1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. அதற்குப் பிறகு இங்கிலீஷ் படம் சென்னை, பெங்களூர், திருச்சி போன்ற இடங்களோடு நின்றுகொண்டது. விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்கு அது எட்டாத சமாச்சாரம்.

1930-களில் பிரிட்டிஷ் படம் ஒன்று நிஜமாகவே எடுபட்டது என்றால் அது அலெக்சாண்டர் கோர்டா என்ற ஹங்கேரிக்காரர் லண்டனில் குடியேறி நடத்திய கம்பெனியின் புண்ணியம். சாகசப் படம் எடுப்பதில் அமெரிக்கனுக்குச் சளைத்தவர் இல்லை. இவர் தயாரித்து, ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்ற அமெரிக்கரும் கோர்டாவின் தம்பி ஸோல்டானும் டைரக்ட் செய்த 'எலிஃபன்ட் பாய்' 1937-ல் வந்தது. கிப்ளிங்கின் கதை. மைசூர்க் காட்டில் எடுத்தார்கள். மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் பாகன் பிள்ளையாக இருந்த சாபு என்ற சிறுவன்தான் கதாநாயகன். பன்னிரண்டு வயதுப் பையன் யானையின் காதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அழகை உலகமே பார்த்தது. வெனிஸ் படவிழாவில் டைரக்‌ஷனுக்குப் பரிசும் கிடைத்தது.

அதே சாபுவை வைத்து அடுத்த வருஷம் கலர் படம் எடுத்தார்கள். பெயர் 'தி டிரம்'. வடமேற்கு எல்லைப்புறக் கதை. வெள்ளைக்காரனுக்கு விசுவாசமான சின்ன இளவரசன் சாபு. வெள்ளைக்காரர்களை விருந்துக்கு அழைத்துக் கொல்லத் திட்டம் போடும் சித்தப்பன் வில்லன். முரசடித்து எச்சரித்து சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றுகிறான் பையன். 1938-ல் இதைக் கொண்டுவந்து இந்தியாவில் காட்டலாம் என்று நினைத்ததுதான் பெரிய துணிச்சல். அப்போது சென்னையில் ராஜாஜி மந்திரிசபை, பம்பாயிலும் காங்கிரஸ் மந்திரிசபை. பம்பாயில் கொட்டகை வாசலில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. சென்னையிலும் எதிர்ப்புக் கிளம்பியது. படத்தைத் திரையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 1857 கலகத்தை வைத்து லக்னோ முற்றுகை பற்றி எடுக்க இருந்த இன்னொரு படத்தையும், வம்பை விலைக்கு வாங்க வேண்டாம் என்று இங்கிலாந்திலேயே நிறுத்தி வைத்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சாபு நம் பக்கத்துப் பையன், யானை நம் காட்டு யானை, அதை ரசித்த ஜனங்கள் அதே பையனை வேறு வேஷத்தில் காட்டியபோது ஏற்கவில்லை. பாமர ஜனங்கள், எதைக் காட்டினாலும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள் என்று கமிட்டி சாட்சியங்களில் எத்தனையோ துரைமார்கள் சொன்னதற்கு இது பதில். 1940-ல் கோர்டா கம்பெனி 'பாக்தாத் திருடன்' கதையை மறுபடி எடுத்து, அதில் சாபு திருடனாக வந்தபோது, ஒரு ஆட்சேபணையும் இல்லை. அது ராஜபக்தி கேட்காத படம்.

யுத்தம் வந்தது. கெஞ்சுவது, சலுகை கேட்பது எல்லாம் முடிந்து உத்தரவுக் காலம் ஆரம்பம். 1940-ல் ஃபிலிம் ஆலோசனை போர்டு என்று ஒன்றை வைத்து, லண்டனிலிருந்து அலெக்சாண்டர் ஷா என்பவரை வரவழைத்தார்கள். இந்த ஷா சாமானியர் இல்லை. கதைப் படத்தில் கோட்டை விட்ட பிரிட்டிஷார் உலகத்துக்கே வாத்தியாராக இருந்தது குறும்படத்தில், அதாவது விவரணப் படத்தில். தபால் இலாகாவே ஒரு படப்பிரிவு வைத்திருந்தது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் தபால் சுமந்து போகும் ரயிலைப் பற்றி அவர்கள் 1936-ல் எடுத்த 'நைட் மெயில்' வெறும் இருபத்துச் சொச்சம் நிமிஷம். ரயிலில் நின்றபடி கடிதம் பிரிக்கிற சார்ட்டர்களும், ஓடுகிற வண்டியிலிருந்து பையை வீசும் ஆட்களும்தான் நடிகர்கள். கடைசியில் ரயில் சக்கரத்தின் தாளத்துக்கு ஆடன் என்ற கவிஞர் எழுதிய கவிதையை வாசிப்பார்கள். இப்போது இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். நம் ஆர்.எம்.எஸ். ஊழியர்களைப் பற்றி இப்படி ஒரு படம் யாராவது எடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

அந்தப் பள்ளியில் பயின்றவர்தான் ஷா. ஆனால் இங்கே கிடைத்த வேலை யுத்தப் பிரசாரம். 1943-ல் 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' என்றும், செய்திக்கு 'இண்டியன் நியூஸ் பரேட்' என்றும் அமைப்பு மாறியது. படங்கள் தமிழ், தெலுங்கு உள்பட ஐந்து பாஷைகளில் வந்தன. பட்டாளத்தில் சேருங்கள், தானியம் விளையுங்கள், பணத்தைச் சேமியுங்கள் என்கிற ரகம். யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? எனவே இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் அங்கீகரித்த படம் இரண்டாயிரம் அடி வரை காட்டியே தீர வேண்டும். கட்டுரைத் தலைப்பு பிறந்த இடம் இதுதான்.

இன்னொரு பக்கம் கச்சா ஃபிலிமுக்கு ரேஷன். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது. அதுவரை தமிழ்ப் படம் என்றால் 18,000 அடி, 20,000 அடி என்று விடிய விடியப் பாட்டுக் கச்சேரியாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கத்திரியால் தமிழ்ப் படத்துக்கு நன்மையே நடந்தது என்பது என் அபிப்பிராயம், என் அண்ணன் இருந்தால் சண்டைக்கு வருவார். ஃபிலிம் வேண்டுமானால் யுத்தத்துக்கு ஆதரவாகப் படம் எடு என்ற நெருக்கடியில் பிறந்தவைதான் கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரக்ஷணம்', மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி', ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி'. மூன்றையும் எடுத்தவர்கள் கைதேர்ந்தவர்கள். சர்க்கார் கேட்டதைக் கொடுத்தார்கள், நடுவில் தங்கள் கதையையும் சொல்லிக்கொண்டார்கள்.

1946-ல் மத்திய சட்டசபையில் நம் அங்கத்தினர்கள் இந்தப் பிரசாரப் பட இலாகாவுக்குப் பணம் ஒதுக்க மறுத்தார்கள். கடை மூடப்பட்டது. கட்டாய விதியும் போனது. 1947 ஆகஸ்ட் 15 வந்தபோது அதைப் படம் பிடிக்க சர்க்காரிடம் சொந்தமாக ஒரு படக்குழு கிடையாது. ஆத்திரத்தில் அறுத்தது, தேவைப்பட்டபோது இல்லை.

1948-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறந்தது. பழைய சாமான், புதுப் பலகை. கூடவே பழைய கட்டாயமும் திரும்பி வந்தது. இந்தத் தடவை யுத்தகால விதியாக இல்லாமல், கொட்டகை லைசென்ஸிலேயே ஒரு நிபந்தனையாக. சென்னை மாகாண சர்க்கார் 1948-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, சர்க்கார் சொல்லும் நீளத்துக்கு, சொல்லும் காலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட படத்தை லைசென்ஸ்தாரர் காட்ட வேண்டும். விசேஷ நிபந்தனை என்று இன்னொன்று: ஒவ்வொரு காட்சி ஆரம்பத்திலும் இரண்டாயிரம் அடிக்குக் குறையாமல் காட்ட வேண்டும். வெள்ளைக்காரன் 'வரை' என்றான். நம்மவர்கள் 'குறையாமல்' என்றார்கள். இந்த ஒற்றை வார்த்தை மாற்றத்தில்தான் வழக்கே இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியில் ஸ்ரீ பிரகன்நாயகி என்று ஊர் அம்பாள் பெயரில் ஒரு நிரந்தரக் கொட்டகை. அதன் உரிமையாளர், லைசென்ஸ் கொடுக்கும் தஞ்சாவூர் ஜில்லா மாஜிஸ்திரேட்டை எதிர்த்து வழக்குப் போட்டார். தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டம் 19-ஆவது ஷரத்தில் எனக்குக் கொடுத்திருக்கிறது, இந்த நிபந்தனைகள் நியாயமான கட்டுப்பாடு இல்லை என்பது அவர் கட்சி. சென்னை ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. டெல்லிக்குப் போனார். உச்ச நீதிமன்றம் உண்டாகி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து டெல்லிக்கு அன்றைக்கு ரயிலில் போவதே மூன்று நாள் காரியம். வக்கீல் பீஸ் வேறு. கொட்டகை வைத்திருப்பவன் லைசென்ஸ் அதிகாரியைப் பகைத்துக்கொள்வது என்றால், ஆற்றில் இருந்துகொண்டு முதலையோடு சண்டை போடுகிற மாதிரி. கூரை சரியில்லை, கழிவறை சரியில்லை, வாசல் அகலம் போதாது என்று எதையாவது சொல்லிப் புதுப்பிக்காமல் விடலாம். இதெல்லாம் தெரிந்துதான் போனார்.

1954-ல் தீர்ப்பு. ஏ.ஐ.ஆர். கட்டில் அதைப் படித்தபோது எனக்கு அதன் எளிமைதான் பிடித்தது. எவ்வளவு நீளம் என்பதற்கு மேல் வரம்பே சொல்லவில்லை, சர்க்காரின் இஷ்டத்தை வழிநடத்த எந்த விதியும் இல்லை. இப்படியே விட்டால் காட்சி நேரம் முழுவதையும் அல்லது பெரும்பகுதியைச் சாப்பிடுகிற அளவுக்கு நீளமான படத்தைக் காட்டு என்று உத்தரவு போடலாமே என்றார்கள் நீதிபதிகள். இரண்டாயிரம் அடிக்குக் குறையாமல் என்ற நிபந்தனையிலும் குறைந்தபட்சம் உண்டு, அதிகபட்சம் இல்லை. இரண்டும் செல்லாது. கொட்டகைக்காரர் ஜெயித்தார். படிப்பினைப் படம் காட்டவே கூடாது என்று கோர்ட் சொல்லவில்லை. எல்லையில்லாத கட்டாயம் கூடாது என்றது.

எங்கள் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்கு வழக்கு என்றால் ஒரு தனி ருசி. சுந்தரருடைய கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்றாரே, அந்த வழக்கு நடந்தது எங்கள் ஊர்ச் சபையில். சுந்தரர் கிழித்துப் போட்டது படி ஓலை. மூல ஓலையைக் கிழவர் இங்கே கொண்டுவந்து காட்டினார். பாட்டன் கையெழுத்தை ஒத்துப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. எங்கள் ஊரில் ஓலை ஜெயித்தது. பிரதிவாதி தோற்றதால்தான் தேவாரம் கிடைத்தது என்பது வேறு விஷயம், வாதியாக வந்தவர் சிவபெருமான். ஆனால் எல்லா ஓலையையும் சிவபெருமானே கொண்டுவருவதில்லை. லைசென்ஸ் காகிதத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையை யாராவது ஒருவர் எடுத்துப் படித்து, இது எந்த மூலத்திலிருந்து வந்தது, எதுவரைக்கும் செல்லும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்போது எங்கள் பக்கம் தென்னாற்காடு ஜில்லா, கலெக்டர் கடலூரில். எங்கள் பகுதி டெண்ட் கொட்டகைகளின் லைசென்ஸும் அதே மாகாணத்து லைசென்ஸ்தான். கேள்வி கேட்டவர் தஞ்சாவூர்க்காரர், பலன் எல்லோருக்கும் உரியது.

பலன் எவ்வளவு நாள் நின்றது என்று கேட்காதீர்கள். 1955-ல் சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் ஏற்பாடுகள் திருத்தி எழுதப்பட்டன. வாராவாரம் செய்திப்படப் பெட்டி வரும், நிகர வசூலில் நூற்றுக்கு ஒன்று ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குப் போகும். நகரத்துப் பெரிய தியேட்டருக்கு அது உறைக்காது. சித்திரை, வைகாசியில் நிறைந்து, ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பத்துப் பேருக்குப் படம் ஓட்டுகிற டெண்ட் கொட்டகைக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கு.

எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்குச் செய்திப்படம் சுற்றிச் சுற்றி வந்து சேரும்போது அது செய்தியே இல்லை, சரித்திரம். வெள்ளம் வடிந்து அடுத்த போகம் நட்டிருப்பார்கள், திரையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அந்த இருபது நிமிஷம் முறுக்கு, சுண்டல் வியாபாரத்துக்கு. பெஞ்சில் இடம் பிடிக்கிற சண்டையும் அதற்குள் முடிந்துவிடும். படம் போட்டாச்சா என்று வெளியிலிருந்து கேட்டால், இன்னும் இல்லை, நியூஸ்தான் ஓடுது என்று பதில் வரும். அது படக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை.

இதில் ஒரு பரிதாபமும் உண்டு. நாங்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது ஓடியவற்றில் நல்ல படங்கள் இருந்திருக்கின்றன. 1967-ல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த 'ஐ ஆம் ட்வென்ட்டி', சுதந்திரம் பிறந்த வருஷத்தில் பிறந்து இருபது வயதான பையன்களையும் பெண்களையும் நாடு பூராவும் தேடிப் போய்ப் பேச வைத்த படம். சிலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள், சிலர் கசப்போடு. சர்க்கார் படத்தில் சர்க்காரைக் குறை சொல்கிறார்கள்! சமீபத்தில்தான் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். திரையில் இருபது வயதிலேயே நின்றுவிட்டார்கள். ஷாவும் அவர் கூட்டாளிகளும் கொண்டுவந்த விவரணப் பட வித்தை இந்தியக் கைகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. விரும்பிப் போகக்கூடிய படத்தையும் கட்டாயப் பெட்டிக்குள் போட்டு அனுப்பியதால் யாரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. பிறகு 'கவாய் நதிப் பாலம்' போன்ற பிரிட்டிஷ் படங்களையும், ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் எந்த உத்தரவும் இல்லாமல் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு வார்த்தை புரியாது, திரும்பி வந்து மூன்று நாள் கதை சொல்வார்கள்.

டெலிவிஷன் வந்தபின் செய்திப்படம் தானாகவே செத்தது. விதி மட்டும் சாகவில்லை. கொட்டகைக்காரர்கள் மறுபடி வழக்குப் போட்டு, 1999-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயத் திரையிடல் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜனங்களுக்கு அறிவு புகட்டுவது பேச்சுரிமைக்கு விரோதம் ஆகாது என்பது அதன் சாரம். ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஃபிலிம் சுருளே இல்லாத காலத்தில் அடிக் கணக்குக்கும் அர்த்தமில்லை.

ஆனாலும் போன மாதம் பேரனோடு விழுப்புரத்தில் படத்துக்குப் போனபோது, விளக்கை அணைத்ததும் முதலில் வந்தது புகையிலை எச்சரிக்கை. இடைவேளை முடிந்ததும் மறுபடி. 2012-லிருந்து நடப்பில் இருக்கும் விதிப்படி, புகை பிடிக்கும் காட்சி உள்ள படத்தில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது 30 விநாடி. பேரன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 30 விநாடி, பழைய அளவில் 45 அடி. இரண்டு தடவைக்கு 90.